மீமுரேயில் இரண்டு இரவுகள்

கண்டி மாவட்டத்தின் ஒரு மூலையில், நக்கிள்ஸ் மலைகளுக்கு நடுவே மீமுரே என்று ஒரு கிராமம் இருக்கிறது. சிங்கள மக்கள் தும்பறை என்று அழைக்கும் இம்மலைத்தொடர், தூரத்திலிருந்து பார்த்த ஆங்கிலேயருக்குப் பொத்திய கையின் விரல் முட்டிகள் போலத் தெரிந்ததாம். நக்கிள்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. 2000 ஆம் ஆண்டில் பேணற்காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்ட பிரதேசம் இது. சுற்றிவர மலை, நடுவே படிப்படியாக இறங்கும் வயல், வயலுக்குக் கீழே ஆறு. 2025 மார்ச் மாதம் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள ஒரு சிறுசேமிப்புக் குழுவின் பெண்கள் 13 பேரும் நானும் அங்கே இரண்டு இரவுகள் தங்கிவந்தோம்.

பயணம் மூன்று நாள். அதற்கான ஆயத்தம் ஒரு வருடம். அந்த ஆயத்தத்தைப் பற்றியே இங்கு அதிகமாக எழுத விரும்புகிறேன்.

எமது பக்கத்துப் பெண்கள் சுற்றுலா போவதென்றால் பெரும்பாலும் கோயில் சுற்றுலாதான். ஒரு பஸ்ஸைப் பிடித்து இரண்டு நாளில் பத்து இடம் பார்த்து, இறங்கி ஏறியே களைத்து வீடு வந்து சேர்வார்கள். இம்முறை குழுக்கூட்டத்தில் ஓர் அக்கா வேறு விதமாகக் கேட்டார். "ஒரு இடத்தில போய்ச் சும்மா இருக்க வேணும் பிள்ளை. ஒருத்தரும் வந்து கூப்பிடக் கூடாது." பல்கலைக்கழகக் காலத்தில் களப் பயணமாக நான் ஒருமுறை மீமுரேக்குப் போயிருக்கிறேன். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே வீதிதான். ஊர்க்காரர் தமது வளவுகளில் கூடாரம் அடிக்க இடம் விடுவார்கள், சமைத்தும் தருவார்கள். அவர் கேட்டதற்கு அது பொருந்தும் என்று தோன்றியது.

ஆனால் கூடாரம் என்றதும் எமக்கு என்ன நினைவு வரும் என்பதை இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. செட்டிகுளம் மெனிக் பாமில் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரிய மனிதர்களின் பெயர் வைத்த வலயங்களில் வரிசை வரிசையாக நின்ற கூடாரங்கள்தான் நினைவு வரும். 2009 இல் முகாம்களில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர். எனக்கு அப்போது 19 வயது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் சொந்த ஊருக்கு விடப்படாமல் சூரிபுரத்தில் இறக்கிவிடப்பட்டார்கள்.

பிறகு சமூகவியல் படித்தபோது, எர்விங் கொவ்மன் என்பவர் 1961 இல் வெளியிட்ட நூலொன்றைப் பற்றி விரிவுரையில் சொன்னார்கள். சிறைச்சாலை, மனநோயாளர் விடுதி போன்ற இடங்களில் மனிதருடைய உறக்கம், உணவு, வேலை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், யாரோ வகுத்த நேரசூசிப்படி நடப்பதை அவர் ஆராய்ந்திருந்தார். அன்று குறிப்பு எடுக்காமல் இருந்த ஒரே மாணவி நானாகத்தான் இருப்பேன். அதெல்லாம் எனக்கு ஏற்கனவே பாடம்.

ஆகவே குழுவில் பேச்சை எடுத்தபோது கூடாரம் என்ற சொல்லை ஒளிக்காமல் முதலிலேயே போட்டுடைத்தேன். எதிர்பார்த்தது போலவே ஒருவர் வெடித்தார். "தறப்பாளுக்குக் கீழ கிடந்தது காணாதே? இனிக் காசு குடுத்தும் படுக்க வேணுமோ?" சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. அறுபது கடந்த ஓர் அம்மா மட்டும் நிதானமாகச் சொன்னார். "அண்டைக்குப் படு எண்டாங்கள், படுத்தனாங்கள். இப்ப விருப்பமெண்டால் படுப்பன், விருப்பமில்லாட்டி எழும்பிப் போவன்." அன்றைய கூட்டத்தில் முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னதை வைத்தே மிச்சத் திட்டம் முழுவதையும் போட்டோம். கூடாரமும் இருக்கும், வீட்டில் அறையும் இருக்கும். யார் எங்கே படுப்பது என்பதை அங்கே போய்த் தீர்மானிக்கலாம். நடுச்சாமத்தில் மாறினாலும் காரணம் கேட்பதில்லை. கூடாரத்தின் நிறத்தையும் அவர்களே சொன்னார்கள். வெள்ளை வேண்டாம், நீலம் வேண்டாம். கண்டியில் பச்சைக் கூடாரங்கள் வாடகைக்குக் கிடைத்தன.

அடுத்தது காலம். நக்கிள்ஸின் கிழக்குப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெருமழை. ஒக்ரோபர் தொடங்கி ஜனவரி வரை அங்கே போக நினைக்கவே கூடாது. மண்சரிவுப் பயமும் உண்டு, காட்டு வழியில் அட்டைக் கடியும் உண்டு. பெப்ரவரி, மார்ச் மாதங்கள் வரண்டவை. சித்திரை பிறக்கும் காலத்தில் பின்னேரங்களில் இடியோடு மழை தொடங்கிவிடும். வானம் தரும் நாட்காட்டி இது. பெண்களின் நாட்காட்டி இதைவிடச் சிக்கலானது. காலபோக அறுவடை முடிய வேண்டும், சிறுபோக விதைப்புத் தொடங்கக் கூடாது. மே மாதம் எங்களில் ஒருவரும் வெளியே போக மாட்டோம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தின் ஆண்டு நாளில் குழுவில் நாலு பேர் அங்கே நிற்க வேண்டும். பெப்ரவரி 26 சிவராத்திரி. மார்ச் 13 போயா நாள். போயாவிலும் நீண்ட வார விடுமுறைகளிலும் மீமுரேக்கு இளைஞர் கூட்டம் பாட்டுப் பெட்டியும் போத்தலுமாக வந்துவிடும். மார்ச் 8 பெண்கள் தினம், எப்படியும் ஏதாவதொரு மண்டபத்துக்குக் கதிரை நிரப்ப எங்களை ஏற்றிப் போவார்கள். நுண்கடன் அறவிடுபவர் வருவது செவ்வாய்க்கிழமை. அவர் வரும் நாளில் வீடு பூட்டியிருந்தால் ஊருக்கே கேட்கும்படி சத்தம் போடுவார். இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது மார்ச் 5, புதன்கிழமை. போய் வெள்ளிக்கிழமை திரும்பலாம். வளர்பிறைக் காலம், முன்னிரவில் நிலவும் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். உதவி பெற்றால் பதாகை பிடித்துப் படம் எடுக்க வேண்டும். மாதம் 800 ரூபாய்ப்படி பன்னிரண்டு மாதம் சேர்த்தோம். என்னுடன் 14 பேருக்கு 134,400 ரூபாய். பெரும்பகுதி வானுக்கே போய்விட்டது.

2024 ஓகஸ்டில் குழுவிலிருந்து இரண்டு பேரும் நானும், சிங்களம் சரளமாகப் பேசும் சக உத்தியோகத்தர் ஒருவருமாக இடத்தைப் பார்த்துவரப் போனோம். கூட வந்த இருவரும் என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தார்கள். கூடாரம் அடிக்கும் இடத்திலிருந்து மலசலகூடத்துக்கு எத்தனை அடி, வழியில் எத்தனை படி, கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கிறதா, இரவில் விளக்கு எரியுமா என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். குழுவில் ஒரு தங்கச்சிக்குச் செயற்கைக் கால். இரவில் அதைக் கழற்றி வைத்தால் திரும்ப மாட்டுவதற்கு உட்கார ஒரு வாங்கு வேண்டும். அவருடைய கூடாரம் படியில்லாத பக்கத்தில் இருக்க வேண்டும்.

கைபேசிக்குப் பல இடங்களில் அலைவரிசை இல்லை. கணவரைப் பற்றி எப்போதாவது ஒரு செய்தி வரும் என்று பதினைந்து வருடமாகத் தொலைபேசியைக் கைவிடாமல் வைத்திருக்கும் ஒருவருக்கு இது சின்ன விடயமல்ல. மேட்டில் அலைவரிசை கிடைக்கும் ஓரிடத்தைக் கண்டுபிடித்து, காலையும் மாலையும் அங்கே போவது என்று எழுதிக்கொண்டோம்.

காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கினால் ஊர்க்காரர் வெடி கொளுத்துவது வழக்கம் என்றும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் காரணத்தைச் சொன்னோம். அவர் அக்கம்பக்கத்தில் பேசி, அந்த இரண்டு இரவும் வெடி இல்லை, காவல் பரணிலிருந்து கூக்குரல் மட்டும் போடுவார்கள் என்று உறுதி தந்தார்.

அந்த வீட்டின் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. இராணுவச் சீருடையில் ஓர் இளைஞன், படத்துக்கு மாலை. வீட்டுக்கார அம்மாவின் மூத்த மகன். 2008 இல் முகமாலையில் இறந்தவர்.

திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்தில் இதையும் சொன்னோம். மலசலகூடத்தின் தூரத்தைச் சொன்ன அதே குரலில்தான் சொல்ல முயன்றேன். நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "படத்தைக் கழட்டி வைக்கச் சொல்லலாம்தானே" என்றார். உடனே பின்னாலிருந்து ஓர் அக்கா மறுத்தார். "கழட்டச் சொல்லாதேங்கோ. என்ர பெடியின்ர படத்தை நான் மாத்தளனில கிடங்கு கிண்டித் தாட்டுப்போட்டு வந்தனான். அந்த மனிசி தன்ர பிள்ளையின்ர படத்தை வைச்சிருக்கட்டும். நான் வீட்டுக்குள்ள போகேல்லை, ரென்றில படுக்கிறன்." 2009 இல் அப்படிப் படம் புதைத்தவர்கள் அந்த அறையிலேயே இன்னும் சிலர் இருந்தார்கள். அன்று 15 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் ஒருவர் தனது பெயரை வெட்டச் சொன்னார். சேர்த்த காசைத் திருப்பிக் கொடுத்தோம். பிற்பாடு இன்னொருவர், மகளுக்கு அந்த மார்ச்சில் சாதாரணதரப் பரீட்சை என்று நின்றுகொண்டார்.

ஊர்வாயைப் பற்றியும் ஒரு வரி எழுதாமல் விட முடியாது. "புருசன் இல்லாததுகள் மலை பாக்கப் போகுதுகளாம்" என்று கடையடியில் கதைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போனால் யாரும் கதைப்பதில்லை, பெண் துக்கம் சுமந்துகொண்டு போகலாம். சும்மா இருக்கப் போனால்தான் கேள்வி. குழுத் தலைவி இதற்கு ஒரு வழி சொன்னார். அவரவர் மாமிமாரிடமும் பிள்ளைகளிடமும் முதலில் சொல்லிவிட வேண்டும். கடையடிக்குச் சொல்லத் தேவையில்லை.

அதிகாலை நாலு மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து வான் புறப்பட்டது. ஆளுக்கொரு தடித்த போர்வை, சால்வை, ரோச், இறப்பர்ச் செருப்பு. தோளில் செல் துண்டு கிடக்கும் ஒருவர் குளிருக்கு நோகும் என்று சுடுதண்ணீர்ப் பை கொண்டுவந்தார். பிறசர், சீனி வருத்தக் குளிசைகளை மூன்று நாளுக்குப் பதிலாக ஐந்து நாளுக்கு எடுக்கச் சொல்லியிருந்தேன். அங்கே அவசரம் என்றால் மலையேறி ஹுன்னஸ்கிரிய வந்து, பிறகு தெல்தெனிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாதவிலக்குத் துணி, உப்பு, சவர்க்காரம், பழைய பேப்பர் எல்லாம் ஒரு பொதுப் பையில். உப்பும் சவர்க்காரமும் அட்டைக்கு. இவை போக, சொல்லாமலே எல்லோர் பையிலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் இருந்தன.

ஓமந்தையைத் தாண்டும்போது வானுக்குள் பேச்சு நின்றது. சோதனைச்சாவடி இல்லாத வீதியில் வான் வேகம் குறையாமல் ஓடியது. மதவாச்சிக்குப் பிறகுதான் யாரோ சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தார்கள்.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் போனால் தெல்தெனிய வரும். பழைய தெல்தெனிய நகரம் இப்போது இல்லை. 1980களில் விக்ரோறியா நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. மக்களை எழுப்பி வேறு இடங்களில் குடியேற்றினார்கள். இதைச் சொன்னபோது ஒருவர் யன்னலால் எட்டிப் பார்த்து, "கோயிலும் தாண்டு போச்சுதோ?" என்று கேட்டார். வீடு, கடை, வழிபட்ட இடம் எல்லாம்தான் என்றேன். நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலங்களில் பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும்.

ஹுன்னஸ்கிரியவில் பிரதான வீதியை விட்டு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து மீமுரே முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பஸ் இந்த வீதிக்கு ஏற்றதல்ல. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கடையில் தேநீருக்கு நிறுத்தினோம். கடைக்காரப் பெண், "எங்கிருந்து வாறீங்க?" என்று மலையகத் தமிழில் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு இறங்கவே மனமில்லை. லூல்வத்தையைக் கடந்து மேலே ஏறினால் கோர்பெற் கணவாய். அங்கே காற்று சேலையைப் பிடுங்கும். ஒரு பக்கம் ஏறிவந்த பள்ளத்தாக்கு, மறுபக்கம் இறங்கப்போகும் பள்ளத்தாக்கு. எதிரே கூம்பு போல லக்கேகல மலை. இராவணன் கதையோடு இந்த மலையைச் சேர்த்துச் சொல்வது ஊர்க்காரர் வழக்கம். சக உத்தியோகத்தர் அதை மொழிபெயர்த்ததும், "அப்ப எங்கட ஆள்தானே, பயமில்லை" என்று பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அதன்பின் கீழே இறங்கும்வரை சிரிப்புத்தான்.

பேணற்காட்டுக்குள் முகாமிடுவதென்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் வீட்டு வளவிலேயே, ஆற்றுக்கு மேலே தட்டையாக இருந்த நிலத்தில் கூடாரம் அடித்தோம். வரண்ட காலத்தில் புல் இலேசாகத் தீப்பிடிக்கும் என்பதால் வெளியே நெருப்பு மூட்டவில்லை. இதில் ஒரு நன்மையும் இருந்தது. சமையல் முழுவதும் வீட்டு அடுப்பில், வீட்டுக்கார அம்மாவின் கையில். சோறு, பலாக்காய்க் கறி, பருப்பு, சம்பல். பெண்கள் பாத்திரம் கழுவ எழும்பினால் அவர் விடவில்லை. இரண்டாம் நாள் அவர் கித்துள் கருப்பட்டியைக் கொண்டுவந்து வைக்க, இவர்கள் பனங்கட்டியை அவிழ்த்தார்கள். எது திறம் என்று இரண்டு மொழியிலும் வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்லும்படி என்னிடம் வந்தபோது ஆற்றடிக்குப் போய்விட்டேன்.

ஹீன் கங்கை மார்ச்சில் முழங்காலளவுக்குச் சற்று மேலே, கல் தெரியத் தெளிவாக ஓடியது. வழுக்கும் பாறை, ஆழமான மடு எது என்று ஊர்ப் பெண் ஒருவரை முதலில் காட்டச் சொன்னோம். குறுக்குக்கட்டோடு எல்லோரும் இறங்கினார்கள். மெனிக் பாமில் பவுசருக்கு வாளி வைத்துக் காத்திருந்து, மறைப்பில்லாத இடத்தில் அவசரமாக உடம்பை நனைத்துக்கொண்டு வந்தவர்கள். இங்கே இரண்டு மணித்தியாலமாகியும் ஒருவரும் கரையேறவில்லை. செயற்கைக் காலைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, பாறையில் இருந்தபடி தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார் தங்கச்சி. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், பார்த்த கையோடு கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

முதல் இரவு ஏழு பேர் கூடாரத்தில், ஆறு பேர் வீட்டில். நிலவு இருக்கும்வரை வெளியே பாயில் இருந்தோம். பரணிலிருந்து யாரோ நீட்டிக் கூவினார். முன்பே சொல்லியிருந்ததால் ஒருவரும் பதறவில்லை. நடுச்சாமத்தில் கூடாரத்திலிருந்து ஒருவர் எழும்பி வீட்டுக்குள் போனார். விடியப்புறம் வீட்டிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து கூடாரத்தில் படுத்தார்கள். அறுபது கடந்த அந்த அம்மா, கூடாரத்துச் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நித்திரை வரவில்லையா என்று கேட்டேன். "வரும். முதல் இதைப் பழகட்டும்" என்றார்.

ரென்றில் படுப்பேன் என்று சொன்ன அக்கா, இரண்டாம் நாள் மத்தியானம் வீட்டுக் கூடத்துக்குள் போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. மொழிபெயர்க்கக் கூடியவர் அப்போது ஆற்றடியில் இருந்தார், அவரைக் கூப்பிடும்படி யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அக்கா அடுப்படிக்குள் போய்த் தேங்காய் துருவினார். அதை மட்டும் அந்த அம்மா தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வான் புறப்படும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தோம். எட்டு மணிக்கே புறப்பட்டது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வன்னியிலும் வெள்ளம். எங்கள் பெண்களில் சிலர் பாடசாலைகளில் தங்கியிருந்துகொண்டே மீமுரேக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாட்கணக்கில் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தபோது, வீட்டுக்கு ஒன்றுமில்லை, வயலில் ஒரு பகுதி போய்விட்டது என்று அந்த அம்மா சொன்னார். பிறகு அவர், எங்கள் பக்கத்து வெள்ளம் வற்றிவிட்டதா என்று கேட்டாராம்.

இனி அங்கே போக நினைக்கும் சகோதரிகள் காலம் வரண்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வீதி எப்படி என்று தங்கப்போகும் வீட்டாரிடம் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் வானுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை, நின்றுவிடுங்கள்.

குழுவில் மறுபடியும் மாதம் 800 ரூபாய் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். திகதி குறிக்கவில்லை. பெயர்ப் பட்டியலில் முதலாவதாக, மகளின் பரீட்சைக்காக நின்றுபோன அக்காவின் பெயர் இருக்கிறது. பெயரை வெட்டச் சொன்னவர் இன்னும் பெயர் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.